அமெரிக்கச் சீர்திருத்தமும் அதை மறுத்துப் பேசியவர்களும்



அமெரிக்க அரசியலைப் பற்றிய செய்தி வரும்போதெல்லாம் இரண்டு சொற்கள் அடிபடுவதைக் கேட்டிருப்பீர்கள். ஒன்று ‘லிபரல்’, மற்றொன்று ‘கன்சர்வேட்டிவ்’. முன்னதை முற்போக்காளர் என்றும், பின்னதைப் பழமைவாதி என்றும் தமிழில் எழுதிவிடுகிறோம். எழுதிய கையோடு, முற்போக்காளர் என்றால் நல்லவர், பழமைவாதி என்றால் பத்தாம்பசலி என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம். பெயரை மட்டும் பார்த்து விடைத்தாளுக்கு மதிப்பெண் போடும் ஆசிரியரை நீங்கள் ஏற்றுக்கொள்வீர்களா? ஆகவே இன்று அந்தப் பழமைவாதிகள் என்னதான் சொன்னார்கள், அதில் கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என்று பார்க்கலாம்.

கடல் கடந்த நாட்டின் சண்டை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். அந்தச் சண்டையின் நடுவில் நிற்பது ஒரு கேள்விதான். உழைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு எது நல்லது என்பதை யார் அறிவார்? படித்த அதிகாரியா, அந்தக் குடும்பமா? ‘எல்லாம் துரைக்குத் தெரியும்’ என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்த தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி புதியதன்று.

முதலில் முற்போக்காளர்களின் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். 1900-ஆம் ஆண்டை ஒட்டிய அமெரிக்காவில் பஞ்சாலைகளிலும் சுரங்கங்களிலும் சிறு பிள்ளைகள் வேலை செய்தார்கள். சிகாகோ நகரத்து இறைச்சிக் கொட்டகைகளின் அழுக்கை அப்டன் சின்க்ளேர் என்பவர் ‘தி ஜங்கிள்’ என்ற நாவலில் எழுதினார். அது 1906-இல் நூலாக வந்தது. அதே ஆண்டு ஜூன் 30-இல், உணவு, மருந்துத் தூய்மைச் சட்டத்திலும் இறைச்சிச் சோதனைச் சட்டத்திலும் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். 1911 மார்ச் 25-ஆம் நாள் நியூயார்க்கில் ட்ரையாங்கிள் என்ற தையல் ஆலையில் தீப்பிடித்தது. கதவு பூட்டிக் கிடந்தது. 146 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். அதன் பிறகுதான் அந்த மாநிலத்தில் ஆலைப் பாதுகாப்புச் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இவற்றைச் செய்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் நல்ல காரியத்தோடு ஒரு கொள்கையும் சேர்ந்து வந்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்து பின்னர் 1913 முதல் 1921 வரை அதிபராக இருந்த உட்ரோ வில்சன் அந்தக் கொள்கையைத் தெளிவாகச் சொன்னார். அமெரிக்காவின் அரசியல் சட்டம் அதிகாரத்தைப் பிரித்துப் பிரித்து வைத்து, ஒன்றை ஒன்று தடுக்கும்படி அமைக்கப்பட்டது. இது நியூட்டன் காலத்து இயந்திரக் கணக்கு, அரசு என்பது டார்வின் சொன்ன உயிரைப் போல வளர்ந்து மாறவேண்டியது என்றார் வில்சன். ஆட்சி நடத்துவது ஒரு விஞ்ஞானம். அதைக் கற்றுத் தேர்ந்த வல்லுநர் கையில் அன்றாட நிர்வாகத்தை விட்டுவிட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். (அதே வில்சனின் ஆட்சியில்தான் மத்திய அரசு அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்களை வெள்ளையரிடமிருந்து பிரித்து உட்கார வைத்தார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.)

இதற்குப் பழமைவாதிகள் தந்த மறுமொழியில் நினைவுகூரத்தக்கது ஒன்று, அதிபர் கால்வின் கூலிட்ஜ் 1926 ஜூலை 5-இல் பிலடெல்பியாவில் ஆற்றிய உரை. அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் 150-ஆவது ஆண்டு விழா அது. எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள், அவர்களுடைய உரிமை பிறரால் பறிக்கப்பட முடியாதது என்ற கருத்து முடிந்த முடிவு. அதையும் தாண்டி முன்னேறுகிறேன் என்பவர் உண்மையில் பின்னால்தான் நடக்கிறார் என்ற பொருளில் அவர் பேசினார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆசிய மக்கள் அமெரிக்காவில் குடியேறும் வழியை அடைத்த 1924-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டவரும் இந்தக் கூலிட்ஜ்தான்.

வாதம் ஒரு புறம் இருக்கட்டும். வல்லுநர் கையில் முழு அதிகாரமும் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் தாய்மார்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வர்ஜீனியா மாநிலத்தில் கேரி பக் என்று ஓர் ஏழைப் பெண். தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு வேறொருவர் வீட்டில் வளர்ந்தாள். அந்த வீட்டாரின் உறவினன் ஒருவன் அவளைக் கெடுத்தான். அவள் கருவுற்றாள். குற்றம் செய்தவனை யாரும் கேட்கவில்லை. அவளைத்தான் ‘புத்தி குறைந்தவள்’ என்று எழுதி, ஏற்கனவே அவள் தாய் அடைக்கப்பட்டிருந்த அதே காப்பகத்துக்கு அனுப்பினார்கள். 1924-இல் வர்ஜீனியா ஒரு சட்டம் செய்திருந்தது. புத்தி குறைந்தவர்கள் என்று அதிகாரிகள் முடிவு செய்பவர்களுக்குப் பிள்ளைப்பேறு இல்லாமல் அறுவை செய்துவிடலாம் என்பது அந்தச் சட்டம். தாய் அப்படி, மகள் அப்படி, பிறந்த குழந்தையும் அப்படித்தான் என்று வல்லுநர்கள் சாட்சி சொன்னார்கள். அந்தக் குழந்தைக்கு அப்போது சில மாதமே வயது.

வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1927 மே 2-இல் எட்டு நீதிபதிகள் சட்டம் செல்லும் என்றார்கள். தீர்ப்பை எழுதியவர் புகழ்பெற்ற ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். ஒரே ஒருவர் மறுத்தார். அவர் பியர்ஸ் பட்லர், கத்தோலிக்கர், அந்த நீதிமன்றத்தில் இருந்த உறுதியான பழமைவாதிகளுள் ஒருவர். ஏன் மறுத்தார் என்று அவர் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் கேரிக்கு அறுவை நடந்தது. அவளுடைய குழந்தை விவியன் பள்ளிக்கூடம் போனாள். நன்றாகப் படித்து நன்மதிப்புப் பட்டியலிலும் இடம் பெற்றாள். எட்டு வயதில் நோய் கண்டு இறந்துபோனாள். மந்தபுத்தி என்று சில மாதக் குழந்தைக்கு வல்லுநர்கள் எழுதிய சான்றிதழையும், ஆரம்பப் பள்ளி ஆசிரியை போட்ட மதிப்பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இத்தகைய சட்டத்தை முதன்முதலில் 1907-இல் இண்டியானா மாநிலம் செய்தது. பின்னர் முப்பதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் செய்தன. அறுவைக்கு ஆளானவர்கள் 60,000-க்கும் மேல். ஆதரித்தவர்களில் முற்போக்கு அறிஞர்கள் நிறையப் பேர். அதைக் கண்டித்து எழுதியவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தின் செஸ்டர்டன். 1922-இல் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். ஏழையின் வறுமையை ஒழிப்பதற்குப் பதிலாக ஏழையையே ஒழிக்கப் பார்க்கிறார்கள் என்பது அவருடைய ஆத்திரம். இதை வைத்துப் பழமைவாதிகள் எல்லாரும் புனிதர்கள் என்று சொல்லிவிடவும் முடியாது. அன்றைய தலைமை நீதிபதி டாஃப்ட்டும் பழமைவாதியே. அவர் ஹோம்ஸின் பக்கம் நின்றார்.

அடுத்து 1930-களின் பெரும் பொருளாதார வீழ்ச்சி. பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1933-இல் பதவிக்கு வந்தார். முதியோர்க்கு ஓய்வூதியம், வேலை இழந்தோர்க்கு உதவி, தொழிற்சங்கம் அமைக்கும் உரிமை, குறைந்தபட்சச் சம்பளம் என்று வரிசையாகச் சட்டங்கள் வந்தன. 1935-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டமும் தொழிற்சங்கச் சட்டமும் இன்றளவும் பெருமையோடு பேசப்படுகின்றன. ஆனால் காட்டிலும் வயலிலும் வேலை செய்தவர்களுக்கு அவற்றில் இடம் இல்லை! விவசாயத் தொழிலாளரையும் வீட்டு வேலைக்காரரையும் இரண்டு சட்டங்களும் விலக்கி வைத்தன. 1938-இல் வந்த குறைந்தபட்சச் சம்பளச் சட்டமும் வயல் தொழிலாளரை விட்டுவிட்டது. ஓய்வூதியம் 1950-களில்தான் அவர்களுக்கு வந்தது. சங்கம் அமைக்கும் உரிமையைக் காக்கும் அந்த மத்தியச் சட்டம் இன்றும் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இந்தக் குறையைப் பழமைவாதிகள் சுட்டிக்காட்டினார்களா என்றால், பெரும்பாலும் இல்லை. 1965-இல் கலிபோர்னியாவின் திராட்சைத் தோட்டங்களில் பிலிப்பினோத் தொழிலாளரும் மெக்சிகத் தொழிலாளரும் வேலைநிறுத்தம் தொடங்கி, பின்னர் திராட்சையை வாங்காதீர்கள் என்று நாட்டைக் கேட்டுக்கொண்டபோது, பழமைவாதிகளின் நாயகரான ஆளுநர் ரொனால்ட் ரேகன் அதை எதிர்த்தார். நம்மைப் போன்றவர்கள் இந்தக் கட்சியைப் பற்றிப் பேசும்போது இதை ஓரமாக வைத்துவிடக் கூடாது.

இந்தக் காலத்தில் எழுந்த எதிர்வாதங்களில் அதிகம் பரவியது ஹயெக் என்ற ஆஸ்திரியப் பொருளியல் அறிஞருடையது. 1944-இல் வெளிவந்த அவருடைய நூலின் சுருக்கத்தை 1945 ஏப்ரலில் ‘ரீடர்ஸ் டைஜஸ்ட்’ வெளியிட்டு, வீடுதோறும் கொண்டு சேர்த்தது. எதை எவ்வளவு விளைவிப்பது, என்ன விலை என்பவற்றை ஓர் அலுவலகத்தில் இருந்து திட்டமிடத் தொடங்கினால், கடைசியில் மனிதர்களையும் திட்டத்துக்குள் அடக்க வேண்டிவரும் என்பது அவர் கருத்து. தம்மைப் பழமைவாதி என்று அழைக்க வேண்டாம் என்றே அவர் கட்டுரை எழுதினார். இருந்தும் பழமைவாதிகள் அவரை விடவில்லை.

என் மனத்துக்கு நெருக்கமாக வருவது வேறொரு வாதம். 1953-ஆம் ஆண்டு இரண்டு நூல்கள் வெளிவந்தன. ஒன்றை எழுதியவர் ரஸ்ஸல் கர்க். ரயில் எஞ்சின் ஓட்டுநரின் மகன். மிச்சிகன் மாநிலத்தில் மெகோஸ்டா என்ற சிற்றூரில் வாழ்ந்தவர். சமுதாயம் என்பது இன்று உயிரோடு இருப்பவர்களின் உடைமை மட்டுமன்று, இறந்தவர்களுக்கும் இனிப் பிறக்கப் போகிறவர்களுக்கும் அதில் பங்கு உண்டு என்ற எட்மண்ட் பர்க்கின் பழைய கருத்தை அவர் அமெரிக்கர்களுக்கு நினைவூட்டினார். மற்றொரு நூல் ராபர்ட் நிஸ்பெட் என்ற சமூகவியல் பேராசிரியருடையது. அவர் சொன்னதைத் தோட்டத்து வழக்கில் சொல்வதானால் இப்படிச் சொல்லலாம். தனி ஆளுக்கும் அரசாங்கத்துக்கும் நடுவில் குடும்பம் இருக்கிறது, கோவில் கமிட்டி இருக்கிறது, சங்கம் இருக்கிறது, சாவு வீட்டுக்குப் பணம் பிரித்துக் கொடுக்கும் அண்டை அயலார் இருக்கிறார்கள். இவர்கள் செய்துவந்த வேலையை ஒவ்வொன்றாக அரசாங்கம் எடுத்துக்கொண்டால், நாளடைவில் இவர்கள் மெலிந்து போவார்கள். பிறகு மனிதன் தனியாக நிற்பான். தனியாக நிற்பவன் எதற்கெடுத்தாலும் அரசாங்கத்தின் கையைத்தான் பார்ப்பான். முதலாளியின் பெருநிறுவனமும் அதே போல இவற்றை மெலியச் செய்கிறதே என்பதை மற்றப் பழமைவாதிகள் அவ்வளவாகப் பேசுவதில்லை. அது எனக்குக் குறையாகவே படுகிறது. ஒரு தோட்டத்தை விற்றால் கோவிலும் பள்ளியும் சங்கமும் ஒரே நாளில் சிதறிப் போவதற்கு எந்த லிபரலும் காரணம் இல்லையே!

செயின்ட் லூயிஸ் நகரத்தில் நடந்ததை நிஸ்பெட்டின் கருத்துக்குச் சான்றாகக் காட்டலாம். பழைய குடிசைப் பகுதிகளை இடித்துவிட்டு, புருயிட் – ஐகோ என்ற பெயரில் பதினொரு மாடிக் கட்டடங்கள் 33 கட்டினார்கள். மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. சிலவற்றில் மட்டும் நிற்கும். மற்றவர்கள் படியேறிப் போகவேண்டும். வரைபடத்தில் அழகாக இருந்தது. 1954-இல் குடியேறினார்கள், 1972-இல் வெடி வைத்துத் தகர்க்கத் தொடங்கினார்கள். லயத்து வாசலை விட்டு அடுக்குமாடிக்குப் போன குடும்பங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அங்கே பராமரிப்புக்குப் பணம் இல்லாமல் போனதும், நகரத்தை விட்டு வேலைகள் போனதும் காரணங்கள் என்று சொல்பவர்களும் உண்டு, அதுவும் உண்மையே.

ஆனால் ஒரு விஷயத்தில் பழமைவாதிகளின் கணக்குப் பெரிதும் தவறியது. தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்களுக்கு வாக்குரிமையும் சம உரிமையும் மறுக்கப்பட்டிருந்தன. மத்திய அரசு தலையிட்டு அதை மாற்ற முனைந்தபோது, வழக்கத்தைச் சட்டத்தால் மாற்றக் கூடாது, மாநில உரிமையைத் தொடக் கூடாது என்று பல பழமைவாதிகள் தடுத்தார்கள். வில்லியம் பக்லி நடத்திய ‘நேஷனல் ரிவியூ’ இதழ் 1957-இல் தெற்கத்திய வெள்ளையருக்கு ஆதரவாகத் தலையங்கமே எழுதியது. 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த பேரி கோல்ட்வாட்டர்தான் அந்த ஆண்டு அவர்களுடைய அதிபர் வேட்பாளர். மத்திய அரசின் தலையீடு அவசியமாகத்தான் இருந்தது, தாம் நினைத்தது தவறு என்று பக்லி 2004-இல் ஒப்புக்கொண்டார். நாற்பது ஆண்டு கழித்து. வழக்கம் என்பதற்காகவே ஒன்றைக் காப்பாற்றினால், அந்த வழக்கத்தின் அடியில் நசுங்குபவன் நாற்பது ஆண்டு காத்திருக்க முடியுமா?

அதே காலத்தில் லிண்டன் ஜான்சன் வறுமை ஒழிப்புத் திட்டங்களைத் தொடங்கினார். முதியோர்க்கும் ஏழைகளுக்கும் மருத்துவ உதவி 1965-இல் வந்தது. தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுப்பது 1935 முதலே இருந்தது. இந்த உதவித்தொகையைப் பற்றித்தான் பழமைவாதிகள் அதிகம் பேசினார்கள். வீட்டில் ஆண் இல்லாவிட்டால் பணம் வரும், இருந்தால் நின்றுவிடும் என்றால், தகப்பனை வீட்டை விட்டுப் போகச் சொல்வது போல ஆகாதா என்று கேட்டார்கள். 1984-இல் சார்ல்ஸ் மர்ரே எழுதிய நூல் இந்தக் கேள்வியை நாடெங்கும் கொண்டுபோயிற்று. நியாயமான கேள்விதான். ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். ‘ஆண் இருக்கிறானா’ என்று இராத்திரியில் வீடு புகுந்து பார்த்த மாநிலங்கள் இருந்தன. அலபாமாவில், தாயோடு பழகும் எந்த ஆணையும் ‘மாற்றுத் தகப்பன்’ என்று சொல்லிப் பிள்ளைகளின் பணத்தை நிறுத்தினார்கள். தாராள மனத்தினால் வந்த விதியன்று இது. கொடுக்க மனமில்லாதவர்கள் போட்டது. உச்ச நீதிமன்றம் 1968-இல் அதைத் தள்ளியது. 1996-இல் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட புதிய சட்டம், வாழ்நாளில் ஐந்தாண்டுக்கு மேல் மத்திய அரசின் உதவித்தொகை இல்லை என்று வரம்பு கட்டியது.

இனி நமக்கு நெருங்கிய ஒரு விஷயம், கரும்புத் தோட்டம். தாமஸ் சோவல் என்பவர் 1930-இல் பிறந்த கறுப்பின அறிஞர். வறுமையால் பள்ளிப்படிப்பை இடையில் விட்டு, பிறகு படித்துப் பொருளியல் பேராசிரியர் ஆனவர். இளமையில் மார்க்சைப் பின்பற்றியவர். 1960-இல் அமெரிக்கத் தொழிலாளர் இலாகாவில் கோடை விடுமுறை வேலைக்குச் சேர்ந்தார். போர்ட்டோ ரிக்கோ தீவின் சர்க்கரைத் தொழிலில் குறைந்தபட்சச் சம்பளம் உயர உயர, வேலை பார்ப்பவர் தொகை குறைந்து வந்தது. சம்பளத்தை உயர்த்தியதால் ஆள் குறைந்தது என்பது ஒரு விளக்கம். புயல் வந்து கரும்பை அழித்ததால் ஆள் குறைந்தது என்பது இன்னொரு விளக்கம். எது சரி? சோவல் யோசித்தார். புயல் வருவதற்கு முன் வயலில் நின்ற கரும்பின் அளவு தெரிந்தால் விடை கிடைத்துவிடுமே என்று மேலதிகாரிகளிடம் சொன்னார். அவர்கள் முகம் மாறிப் போயிற்றாம்! குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தை நடத்துவதில்தான் அந்த இலாகாவின் கணிசமான வேலையும் பணமும் இருந்தன. அந்தச் சட்டம் தொழிலாளிக்கு நன்மை செய்கிறதா என்று தெரிந்துகொள்ளும் ஆவல் அங்கே யாருக்கும் இல்லை என்று கண்டதே தம் கருத்தை மாற்றியது என்று சோவல் பின்னாளில் சொன்னார்.

இது உண்மையிலேயே நல்ல கதை. உதவி செய்யும் அலுவலகத்துக்கும் சொந்த வயிறு உண்டு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. ஆனால் சட்டம் இல்லாவிட்டால் கரும்பு முதலாளி என்ன சம்பளம் கொடுத்திருப்பார் என்பதற்கு இக்கதையில் விடை இல்லை. சம்பளச் சட்டம் வேலையைக் குறைத்தே தீரும் என்பதும் முடிந்த முடிவன்று. 1992-இல் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சச் சம்பளத்தை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியபோது, டேவிட் கார்ட், ஆலன் குரூகர் என்ற இருவர் பக்கத்து மாநிலத்தோடு ஒப்பிட்டுக் கணக்கெடுத்தார்கள். துரித உணவுக் கடைகளில் வேலை குறையவில்லை என்று 1994-இல் எழுதினார்கள். கார்டுக்கு 2021-இல் நோபல் பரிசும் கிடைத்தது. அதை மறுத்து எழுதியவர்களும் இருக்கிறார்கள். சோவல் கேட்டது போல வயலில் நின்ற கரும்பை அளந்து பார்த்தவர்கள் இவர்கள்தான் என்பேன்.

வில்சன் தொடங்கிய வாதம் நூறாண்டு கடந்தும் ஓயவில்லை. அட்லாண்டிக் கடலில் ஹெர்ரிங் மீன் பிடிக்கும் நியூ ஜெர்சிப் படகுக்காரர்கள் சிலர் மத்திய அரசின் மேல் வழக்குப் போட்டார்கள். படகில் ஒரு மேற்பார்வையாளரை ஏற்றிச் செல்ல வேண்டும் என்பது சரி. அவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 700 டாலர் வரை ஆகக்கூடிய கூலியை நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும், சட்டத்தில் அப்படி எழுதவில்லையே என்று கேட்டார்கள். சட்டம் தெளிவாக இல்லாத இடத்தில் இலாகா சொல்லும் நியாயமான பொருளையே நீதிமன்றம் ஏற்க வேண்டும் என்ற விதி 1984 முதல் நடப்பில் இருந்தது. 2024 ஜூன் 28-இல் உச்ச நீதிமன்றம் அந்த விதியைத் தள்ளிவிட்டது. சட்டத்தின் பொருளை நீதிபதியே படித்துச் சொல்ல வேண்டும், வல்லுநரிடம் விட்டுவிடக் கூடாது என்றது. கூலிட்ஜின் வழியில் வந்தவர்கள் மகிழ்ந்தார்கள். மீனவர்களின் வழக்கை நடத்த உதவிய அமைப்புகளுக்குப் பெருஞ்செல்வர்களின் ஆதரவு இருந்ததை மற்றவர்கள் சுட்டிக்காட்டினார்கள்.

அந்தத் தீர்ப்பு ஹெர்ரிங் மீனோடு நிற்கவில்லை. மத்திய அரசின் எல்லா இலாகாக்களுக்கும் அது பொருந்தும். வயலில் பூச்சி மருந்து தெளிப்பவருக்குக் கையுறையும் முகமூடியும் கொடுக்க வேண்டும், தெளித்த இடத்தில் இத்தனை நேரம் கழித்தே ஆள் நுழைய வேண்டும் என்று விதித்திருப்பதும் அப்படிப்பட்ட ஓர் இலாகாதான். நாளை ஒரு முதலாளி அந்த விதியை எதிர்த்து வழக்குப் போட்டால், இலாகாவின் வல்லுநர் சொல்லுக்கு முன்பு இருந்த சட்ட வலிமை இருக்காது. மருந்தைத் தெளிக்கும் தொழிலாளியின் பேச்சை அந்த நீதிமன்றத்தில் யார் எடுத்துச் சொல்வார்கள் என்பதைப் பற்றி இரு கட்சியாரும் இன்னும் பேசவில்லை.